நாலில் மூன்று போதும், ஆனால் எந்த மூன்று? செத்த நாஸ் பெட்டியிலிருந்து கோப்பு மீட்ட பதிவு

இடம் மயிலாடுதுறை, ஒரு கல்யாணப் படக்காரர் வீடு. மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர், பக்கத்தில் அதன் பேட்டரி, மேலே பலகையில் ரவுட்டரும் நாலு டிஸ்க் போடும் நாஸ் பெட்டியும் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி). ஒவ்வொரு டிஸ்க்கும் 4 டிபி, ரெய்டு 5 (நாலையும் ஓர் அணியாக்கி, எந்த ஒன்று போனாலும் மீதி மூன்றிலிருந்து தரவைக் கணக்கிட்டுப் பெறும் முறை), பயன்பாட்டுக்கு 12 டிபி. அதில் ஏறக்குறைய 6.1 டிபி நிரம்பியிருந்தது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரண்ட் நாலைந்து முறை போய் வந்தது. காலையில் பெட்டி எழவில்லை. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு ஒரு நொடி மின்னும், அணையும், மறுபடி மின்னும்.

இப்படி விட்டுவிட்டு மின்னினால், பெரும்பாலும் எங்கேயோ ஷார்ட் இருக்கிறது, அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து அணைந்து முயல்கிறது என்று பொருள். இந்த நிலையில் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவதுதான் முதல் தவறு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க்குகளை எடுக்கும் முன்பே எது எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று மார்க்கரால் 1, 2, 3, 4 எழுதி, சீரியல் எண் தெரியும்படி ஒரு போட்டோ. ரெய்டு 5-இல் வரிசையை மெட்டாடேட்டாவே (டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும் அணிக் குறிப்பு) சொல்லிவிடும் என்றாலும், மெட்டாடேட்டா கெட்டுப்போகும் நாளில் அந்தப் போட்டோ ஒன்றுதான் துணை.

அடாப்டர்

வெளியே தொங்கும் 12 வோல்ட் அடாப்டர். மீட்டரை வைத்தால் 12.3 வோல்ட் காட்டியது. பலர் இதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். சுமை இல்லாமல் எந்த அடாப்டரும் நல்லபிள்ளைதான். காரின் பிரேக் லைட் பல்பு, 12 வோல்ட் 21 வாட், மெக்கானிக் கடையில் எங்கும் கிடைக்கும். அதை இரண்டு இணைத்தால் ஏறக்குறைய மூன்றரை ஆம்பியர் இழுக்கும். பல்பு எரிந்ததும் மீட்டர் 14-க்கும் 19-க்கும் இடையே துள்ளியது. பிரித்துப் பார்த்தால் வெளியீட்டுப் பக்கத்து 16 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டும் தலை உப்பி நின்றன. வெளியீட்டை அளந்து முன்பக்கத்துக்குச் சொல்லும் பின்னூட்டச் சுற்று தடுமாறியதால் 12 வோல்ட் ஏறி இறங்கியிருக்கிறது. அந்த வோல்டேஜ் பெட்டியின் போர்டையும் தாண்டி நேராக டிஸ்க்குகளுக்குப் போகிறது.

(நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட் பக்கம் ஏறும் கதை வேறு. அதில் பெரும்பாலும் அடாப்டரின் ஃபியூஸ் போய், முன்பக்கக் கெப்பாசிட்டர் வெடித்து, வெளியீடே இல்லாமல் போகும். அடாப்டர் முழுதாகச் செத்தால் டிஸ்க் பெரும்பாலும் தப்பும். பாதி செத்தால்தான் ஆபத்து.)

பெட்டியின் மெயின்போர்டும் போயிருந்தது. நல்ல 12 வோல்ட் கொடுத்தும் 5 வோல்ட் ரெகுலேட்டர் எழவில்லை. அதைச் சரிசெய்யும் முயற்சியில் இறங்கவில்லை. பெட்டி செத்ததும் கோப்புகள் செத்ததும் ஒன்றல்ல. வீட்டு நாஸ்களில் பெரும்பாலானவை உள்ளே லினக்ஸ்தான். லினக்ஸின் மென்பொருள் ரெய்டு, அதன்மேல் இடத்தைப் பகுதி பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம், அதன்மேல் எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறை. டிஸ்க் செருகும் சாட்டா போர்ட் நாலு உள்ள எந்தப் பழைய மேசைக் கணினியிலும் இதைத் திறக்கலாம். சில நிறுவனங்கள் எல்விஎம்மைத் தங்கள் வசதிக்கு மாற்றி வைத்திருக்கும். அங்கே மட்டும் அதே நிறுவனத்தின் இன்னொரு பெட்டி தேவைப்படும்.

மூன்றாம் டிஸ்க்: சுழலவே இல்லை

நம்பகமான கணினி எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) ஒவ்வொன்றாக, டேட்டா கேபிள் இல்லாமல், பவர் மட்டும் கொடுத்துக் காதால் கேட்டோம். 1, 2, 4 சீராகச் சுழன்றன. டக் டக் என்று தட்டும் சத்தம் எதிலும் இல்லை. இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தி, தூசியற்ற அறை உள்ள மீட்பகத்துக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. மூன்றாவதைச் செருகினால் எஸ்எம்பிஎஸ்ஸே அணைந்துவிட்டது.

சாட்டா பவர் கனெக்டரில் 15 பின்கள். 7, 8, 9 ஐந்து வோல்ட். 13, 14, 15 பன்னிரண்டு வோல்ட். 4, 5, 6-உம் 10, 12-உம் கிரவுண்டு. மீட்டரை ஓமில் வைத்து 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்தால், நல்ல டிஸ்க்குகளில் எண் மெல்ல ஏறிக் கிலோ ஓம்களில் நின்றது. மூன்றாவதில் 0.6 ஓம். மீட்டர் வயர்களே 0.3 ஓம் காட்டுபவை. ஆக முழு ஷார்ட்.

டிஸ்க்கின் பச்சைப் போர்டில் பவர் கனெக்டருக்கு அருகே இரண்டு கறுப்பு டிவிஎஸ் டையோடுகள் இருக்கும். ஒன்று 5 வோல்ட் வழிக்கு, ஒன்று 12-க்கு. வோல்டேஜ் எகிறினால் தான் கடத்தத் தொடங்கி மற்ற சில்லுகளைக் காப்பது இதன் வேலை. 12 வோல்ட் வகை, 13.3 முதல் 14.7 வோல்ட்டுக்குள் கடத்தத் தொடங்கும். அது மைக்ரோ விநாடித் துள்ளலுக்காகச் செய்தது. அடாப்டர் நொடிக்கணக்கில் 16, 17 கொடுத்தால் சூடாகி உள்ளேயே உருகி ஷார்ட் ஆகிவிடும். நாலில் எது முதலில் கடத்துகிறதோ அது மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு லைனைக் கீழே இழுத்துவிடுகிறது. மற்ற மூன்றும் பிழைத்தது இதனால்தான். மூன்றாவது மற்றவற்றுக்காகத் தலை கொடுத்தது.

கழற்றும் முறை: டி6 டார்க்ஸ் திருப்புளியால் போர்டைப் பிரித்தெடுக்கவும். 40 வாட் சோல்டரிங் அயர்ன், டையோடின் இரு கால்களிலும் தாராளமாகப் புது ஈயம் ஏற்றி, மாறி மாறிச் சூடாக்கி, இடுக்கியால் பக்கவாட்டில் தள்ளினால் வந்துவிடும். நெம்பக் கூடாது, செம்புத் தடம் உரிந்து வரும். கழற்றியதும் மறுபடி அளக்கவும். இங்கே ஷார்ட் விலகியது. விலகாமல் இருந்தால் மோட்டார் ஓட்டும் சில்லே போயிருக்கும். அப்போது அதே மாடல், அதே போர்டு எண்ணுள்ள இன்னொரு டிஸ்க்கின் போர்டு வேண்டும். அதையும் அப்படியே மாற்றிவிட முடியாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனியான அளவுத் திருத்தங்கள் எட்டுக்கால் ரோம் சில்லில் இருக்கும். அதை இங்கிருந்து கழற்றி அங்கே ஒட்ட வேண்டும்.

டிவிஎஸ் இல்லாமலும் டிஸ்க் ஓடும், காப்பு இல்லாமல். நகல் எடுக்கும் ஒரு நாளைக்கு மட்டும், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில், யுபிஎஸ் வழியாக ஓட்டினால் போதும்.

போர்டின் அடிப்பக்கத்தில் இன்னொரு சங்கதி. ஹெட்டுக்கும் மோட்டாருக்கும் போகும் தொடுபட்டைகள் கறுத்துப் பச்சை பூத்திருந்தன. இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது கொப்பளித்து வரும் வாயுவோடு அமிலத் துளிகளும் சேர்ந்து எழும். மேல் பலகையில் இருப்பவையெல்லாம் அதைச் சுவாசிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல் உப்புக் காற்று செய்யும் வேலையை இங்கே பேட்டரி செய்திருக்கிறது. வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, கால்மணி நேரம் காயவிட்டுப் பூட்டினோம். டிஸ்க் சுழன்றது.

ஃபிரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று இன்னும் சொல்கிறார்கள். டெல்டாவின் ஈரக் காற்றில் ஃபிரீசரிலிருந்து எடுத்த இரும்பு இரண்டே நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும். தட்டுகளின்மேல் நீர்த்துளி படிந்தால் அதோடு முடிந்தது.

யார் சொல்வது உண்மை

நாலும் இப்போது சுழல்கின்றன. இங்கேதான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள்.

லினக்ஸை யுஎஸ்பி குச்சியிலிருந்து ஓட்டினோம். டிஸ்க்குகளை இணைக்கும் முன்பே, லினக்ஸில் ரெய்டு அணியைக் கையாளும் எம்டிஆட்ம் கருவியின் அமைப்புக் கோப்பில் ஆட்டோ என்ற வரிக்கு எதிரே எதையும் தானாகச் சேர்க்காதே என்று எழுதியாயிற்று. இல்லாவிட்டால் செருகியதும் அதுவாக அணி சேர்த்து எழுதத் தொடங்கும். டெஸ்க்டாப் தானாக டிஸ்க்கைத் திறக்கும் தானியங்கி மவுன்ட்டும் நிறுத்தம். விண்டோஸ் கணினியில் செருகவே வேண்டாம். இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று கேட்கும்; தூக்கக் கலக்கத்தில் யாராவது சரி என்று அழுத்திவிடுவார்கள்.

யுஎஸ்பி டாக்கும் வேண்டாம், நேரடி சாட்டாதான். சில டாக்குகள் 512 பைட் செக்டரை (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டு) 4096 என்று மாற்றிக் காட்டும். பார்ட்டிஷன் அட்டவணையே காணாமல் போனதுபோலத் தோன்றும், வீண் பீதி.

முதலில் ஸ்மார்ட் அளவுகள் (டிஸ்க் தன் உடல்நலம் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு), படிக்க மட்டும். சோதனை எதையும் ஓட்டவில்லை. நோயாளி டிஸ்க்கில் நீண்ட சோதனை ஓட்டுவது மூச்சு வாங்குபவரை மலைக்கோட்டை ஏறச் சொல்வது மாதிரி. ஒன்றாவது சுத்தம். மூன்றாவதும் சுத்தம். நாலாவதில் 197-ஆம் எண், அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், பூஜ்யமாக இல்லை. 5-ஆம் எண்ணும், அதாவது கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள், ஏறியிருந்தது. இரண்டாவதில் தட்டுகள் நலம், ஆனால் 199, கேபிள் வழியில் வரும் பிழை எண்ணிக்கை, ஆயிரக்கணக்கில்.

பிறகு ஒவ்வொரு டிஸ்க்கின் டேட்டா பார்ட்டிஷனிலும் எம்டிஆட்மின் எக்ஸாமின். இது எதையும் எழுதாது. இவ்வகைப் பெட்டிகளில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் முதலில் சிறிய சிஸ்டம் பார்ட்டிஷன், அடுத்து ஸ்வாப், அதற்கப்புறம்தான் டேட்டா. சின்னதைப் பார்த்துவிட்டு எல்லாம் நலம் என்று முடிவு கட்டக் கூடாது. பார்க்க வேண்டியவை மூன்று: ஈவென்ட்ஸ் எண்ணிக்கை (மெட்டாடேட்டா புதுப்பிக்கப்படும்போது ஏறிக்கொண்டே போகும் எண்), கடைசியாகப் புதுப்பித்த நேரம், அணியின் நிலை.

ஒன்றும் நாலும்: ஈவென்ட்ஸ் 48,216, நவம்பர் 7 இரவு. மூன்று: 48,209, அதே இரவு, ஏழு எண் பின்னால். முதலில் செத்தது அதுதானே. இரண்டு: 31,874. புதுப்பித்த நாள் ஏப்ரல் 19.

அதாவது சித்திரையிலேயே இரண்டாவது அணியிலிருந்து விலகிவிட்டது. பெட்டி ஏறக்குறைய ஏழு மாதம் மூன்று காலில் நின்றிருக்கிறது. பீப் சத்தத்தை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள், மின்னஞ்சல் எச்சரிக்கை ஒருபோதும் அமைக்கப்படவில்லை. விலகியதற்குக் காரணம் டிஸ்க் அல்ல, பெட்டியின் ஸ்லாட் தொடர்பில் பூத்த பச்சை. 199-இன் கணக்கு அதைத்தான் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டாவதின் மெட்டாடேட்டாவைக் கேட்டால் நாலு பேரும் நலம் என்கிறது. விலக்கப்பட்ட டிஸ்க்கில் விலக்கிய செய்தியை எழுத முடியாதே! மற்ற மூன்றும் இரண்டாமிடத்தில், ஆள் இல்லை என்று, புள்ளி வைத்திருக்கின்றன.

ஆக தட்டுகள் நலமாயிருக்கும் இரண்டாவது பழைய சேதி சொல்கிறது. புதுச் சேதி தெரிந்தவற்றில் ஒன்று ஷார்ட் ஆகிப் பிழைத்தது, இன்னொன்று செக்டர் உதிர்வது. மூன்றாவதைச் சரிசெய்யாமல் 1, 2, 4-ஐ ஃபோர்ஸ் போட்டு, அதாவது வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் கட்டாயமாக, சேர்த்திருந்தால் அணி எழுந்திருக்கும், மவுன்ட்டும் ஆகியிருக்கும், ஃபோல்டர் பெயர்களும் தெரிந்திருக்கும். ஏப்ரலுக்குப் பிறகு மாறிய ஒவ்வொரு பட்டையிலும் (நாலு டிஸ்க்கிலும் ஒரே இடத்தில் இருக்கும் துண்டுகளின் தொகுப்பு) பழையதும் புதியதும் கலந்த குப்பை. அதன்மேல் ஒரு எஃப்எஸ்சிகே (கோப்பு முறையைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளை) ஓட்டினால் கோப்பு முறையே அந்தக் குப்பைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். திரும்ப வழி இல்லை. அணியைப் புதிதாக உருவாக்கும் கிரியேட் போட்டு அஸ்யூம்-கிளீன் கொடு என்று யோசனை சொல்பவர்களையும் ஒதுக்கவும். அது மெட்டாடேட்டாவைப் புதிதாக எழுதும். டேட்டா ஆஃப்செட் (தரவு தொடங்கும் இடம்), சங்க் அளவு (பட்டையில் ஒரு டிஸ்க்கின் துண்டு), வரிசை மூன்றும் பழையபடி பொருந்தாவிட்டால் இருந்த ஒரே வரைபடமும் போகும். மெட்டாடேட்டா முழுக்க அழிந்தவர்களுக்கான கடைசி வழி அது, அதுவும் நகலின்மேல்.

எக்ஸாமின் தந்த வெளியீடு நாலையும் ஒரு கோப்பில் சேமித்து, ஒரு தாளிலும் எழுதிவைத்தோம்.

நகல்

புது 4 டிபி டிஸ்க் மூன்று, 8 டிபி ஒன்று. செலவில் பெரும்பங்கு இதுதான். மூன்று நகலையும் ஒரே பெரிய டிஸ்க்கில் கோப்புகளாக வைத்தால் மலிவு. ஆனால் அணி ஓடும்போது ஒரே ஹெட் மூன்று இடத்துக்கும் தாவித் தாவி வேகம் படுத்துவிடும். மேலும் இந்த மூன்றும் பிற்பாடு புதுப் பெட்டிக்கே உதவும். வாங்கும்போது செக்டர் எண்ணிக்கை பார்க்கவும்: 4 டிபி என்றால் 512 பைட் கணக்கில் 7,81,40,37,168 செக்டர். ஒரு செக்டர் குறைந்தாலும் ஆகாது.

கருவி, பழுதான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கும் குனு டிடிரெஸ்க்யூ. வெறும் டிடி வேண்டாம். கெட்ட இடத்தில் நின்றுவிடும் அல்லது எங்கே விட்டது என்று சொல்லாது. டிடிரெஸ்க்யூவுக்கு மேப் கோப்பு (எது படித்தாயிற்று, எது பாக்கி என்ற குறிப்பு) கொடுப்பது கட்டாயம், அதுவும் யுஎஸ்பி குச்சியில் அழியாத இடத்தில். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

1, 3 இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினோம். சராசரி நொடிக்கு 150 எம்பி, ஏழரை மணி நேரம், ஒரு செக்டர்கூட விடவில்லை. நாலாவதுக்கு முன்பே மூன்றாவதை எடுத்ததற்குக் காரணம் அந்தக் கழற்றிய டையோடு.

நாலாவதுக்குத் தனி மரியாதை. முதலில் டிஸ்க்கின் பிழை முயற்சி நேரத்தை 7 நொடிக்குக் குறைத்தோம். இதை ஏற்காத மாடலானால் லினக்ஸ் பக்கத்தில் காத்திருக்கும் நேரத்தை 30 நொடியிலிருந்து 180-க்கு ஏற்றவும். இல்லாவிட்டால் டிஸ்க் ஒரு செக்டரோடு மல்லுக்கட்டும்போதே லினக்ஸ் பொறுமையிழந்து இணைப்பை ரீசெட் செய்யும், டிஸ்க் காணாமல் போகும். எதிரே ஒரு 120 மிமீ ஃபேன். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டவில்லை.

முதல் சுற்று நோ-ஸ்க்ரேப்: எளிதாக வருவதையெல்லாம் வாரிக்கொள், கெட்ட இடத்தைத் தாண்டிப் போ. ஒன்பது மணி நேரம். இரண்டாம் சுற்று, கெட்ட இடங்களின் ஓரங்களைச் சுரண்டி எடுக்க, நேரடி வாசிப்பு, மூன்று மறுமுயற்சி. இதற்கு மட்டும் பதினாலு மணி நேரம். மூன்றாம் சுற்று தலைகீழ் திசையில். பின்னாலிருந்து வந்தால் சில செக்டர்கள் மனமிரங்கும். கடைசியில் மிஞ்சியது 53 செக்டர், ஒன்று 4096 பைட், மொத்தம் 212 கேபி, ஒன்பது கொத்துகளாக.

4 டிபியில் 212 கேபி என்பது சொட்டு. ஆனால் இந்த அணியில் மாற்று இல்லை. இரண்டாவது இல்லாமல் ஓடுவதால், அதன் பங்கு ஒவ்வொரு பட்டையிலும் மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுகிறது. நாலாவதில் ஒரு செக்டர் ஓட்டை என்றால் அதில் இருந்ததும் போகும், அதை வைத்துக் கணக்கிடும் இரண்டாவதின் பங்கும் போகும்.

அணி சேர்த்தல்

மூல டிஸ்க்குகள் நாலையும் கழற்றி உறையிலிட்டு மேசையின் மறுபக்கம். மூலமும் நகலும் ஒரே நேரத்தில் கணினியில் இருக்கவே கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண், ரெய்டும் எல்விஎம்மும் எதைப் பிடிப்பது என்று குழம்பும்.

நகல்களின்மேலும் நேரடியாக எழுதவிடவில்லை. நாலாவதின் நகலை இன்னொருமுறை எடுக்க அந்த டிஸ்க் உயிரோடிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு நகலுக்கும் 20 ஜிபி வெற்றுக் கோப்பு ஒன்றை லூப் சாதனமாக்கி, டிவைஸ்-மேப்பரின் ஸ்னாப்ஷாட் மூலம் மேலே ஒரு திரை. எழுதுவதெல்லாம் திரையில் விழும், அடியிலுள்ள நகல் அப்படியே இருக்கும். தவறினால் திரையைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

இந்த மூன்று திரைகளைக் கொடுத்து அசெம்பிள், ஃபோர்ஸ். மூன்றாவதின் ஏழு ஈவென்ட் பின்தங்கலுக்குத்தான் ஃபோர்ஸ். ஏழு என்பது கடைசி நொடிகளின் எழுத்து, அதைப் பொறுக்கலாம். பதினாறாயிரத்துச் சொச்சம் வித்தியாசத்துக்கு ஃபோர்ஸ் போடுவதுதான் குற்றம். அணி நாலில் மூன்றோடு எழுந்தது. எல்விஎம் குழு தானாகத் தெரிந்தது, செயல்படுத்தியதும் எக்ஸ்ட்4.

முதல் மவுன்ட் ரீட்ஒன்லியோடு நோலோட். வெறும் ரீட்ஒன்லி என்றால் எக்ஸ்ட்4 தன் ஜர்னலை (பாதியில் நின்ற மாற்றங்களின் குறிப்பேடு) ஓட்டி எழுதிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஃபோல்டர்கள் தெரிந்தன, கடைசி நாளின் ஒரு ஃபோல்டர் மட்டும் பிழை. கழற்றிவிட்டு, திரை இருக்கும் தைரியத்தில் ஜர்னலை ஓடவிட்டு மறுபடி மவுன்ட். அந்த ஃபோல்டரும் சீரானது. ஒப்புக்குச் சில படங்கள் திறந்து பார்ப்பதில் ஒரு நுட்பம்: சங்க் அளவு 64 கேபி என்பதால், அதைவிடச் சிறிய கோப்பு வரிசை தவறான அணியிலும் சரியாகத் திறக்கும். 25 எம்பி ரா படங்களையும் (கேமராவின் பதப்படுத்தாத மூலப் படம்) நீளமான வீடியோவையும், அதிலும் ஏப்ரலுக்குப் பிந்தியவற்றைத் திறந்து பார்த்தால்தான் சாட்சி. ஆவணி முகூர்த்தம் ஒன்றின் முழு ஆல்பமும் கோடு விழாமல் திறந்தது.

ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவி மூலம் 8 டிபிக்கு நகல், பன்னிரண்டு மணி நேரம். முடிந்ததும் எல்லாக் கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ256 பட்டியல், அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஒரு எண்.

53 செக்டர் எந்தக் கோப்பில்?

வழக்கமான உத்தி: டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் வசதியால் கெட்ட இடங்களில் ஒரு அடையாளச் சொல்லை எழுதி, கோப்புகளுக்குள் அந்தச் சொல்லைத் தேடுவது. தனி டிஸ்க்குக்கு இது போதும். இங்கே போதாது. நாலாவதில் நேரடியாக இருந்த தரவில் சொல் தெரியும். இரண்டாவதுக்காகக் கணக்கிட்டுப் பெற்ற தரவில் அந்தச் சொல் மற்றவற்றோடு எக்ஸ்ஆர் (பிட் பிட்டாக ஒப்பிட்டுக் கலக்கும் கணக்கு) ஆகி உருமாறிப் போயிருக்கும், தேடினால் அகப்படாது.

எனவே இருமுறை. முதல் ஆர்சிங்க்கின்போது கெட்ட இடங்களில் பூஜ்யம் இருந்தது. அடுத்து நாலாவதின் நகலில் அந்த 53 இடங்களில் மட்டும் அடையாளச் சொல்லை நிரப்பி, திரையைப் புதிதாகப் போட்டு, அணியை மறுபடி சேர்த்து, எஸ்ஹெச்ஏ256-ஐ மறுபடி எடுத்தோம், எட்டு மணி நேரம். இரு பட்டியலிலும் வேறுபடும் கோப்புகளே பழுதானவை. எட்டுக் கோப்பு. ஒன்பது கொத்துகளில் மூன்று காலி இடத்தில் விழுந்திருந்தன.

எட்டில் ஐந்து ஏப்ரல் 19-க்கு முந்தியவை. இங்கே உறையிலிருந்து இரண்டாவதை எடுக்க வேளை வந்தது. அது பழையதுதான், ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு யாரும் தொடாத பட்டைகளில் அது சொல்வது இன்றைக்கும் உண்மை. ரெய்டு 5-இல் ஒரே பட்டையின் நாலு பங்கையும் எக்ஸ்ஆர் செய்தால் பூஜ்யம் வர வேண்டும், எது பாரிட்டி (மீட்புக்காகக் கணக்கிட்டு வைத்த துண்டு) என்று பார்க்க வேண்டியதில்லை. ஆக 1, 2, 3-இன் எக்ஸ்ஆர்தான் நாலாவதின் காணாமற்போன துண்டு.

நாலிலும் பார்ட்டிஷன் தொடக்கமும் டேட்டா ஆஃப்செட்டும் ஒன்றாகவே இருப்பதை எழுதிவைத்த தாளில் சரிபார்த்தோம். ஒன்றாக இருந்தால் மேப் கோப்பு காட்டும் அதே பைட் இடம்தான் மற்ற டிஸ்க்குகளிலும். மேப்பில் எண்கள் பதினாறடிமானம் என்பதை மறக்கக் கூடாது. பத்து வரிப் பைத்தான் நிரல் மூன்றிலிருந்தும் 4096 பைட் படித்து எக்ஸ்ஆர் செய்து நாலாவதின் நகலில் எழுதியது. எழுதும் முன் ஒரு சோதனை: கெட்ட செக்டருக்கு இருபுறமும், அதே சங்க்குக்குள், நாலாவதில் நன்றாகப் படிக்க முடிந்த செக்டர்களை நாலு டிஸ்க்கிலும் எடுத்து எக்ஸ்ஆர் செய்து பார்த்தல். பூஜ்யம் வந்தால் அந்தப் பட்டை ஏப்ரலுக்குப் பின் தொடப்படவில்லை, இரண்டாவதை நம்பலாம். வராவிட்டால் கைவைக்கவில்லை. ஐந்து கோப்பும் முழுமையாகத் திரும்பின. படங்களைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்ததில் கோடில்லை, நிறம் மாறவில்லை.

மீதி மூன்று: ஒரு வீடியோ, இரண்டு ரா படம். வீடியோவில் மாலை மாற்றும் இடத்தில் அரை நொடி கட்டம் கட்டமாக உடையும், பிறகு தொடரும். ஒரு ரா படத்துக்குள் கேமரா தானே வைத்திருக்கும் ஜேபெக் முன்னோட்டம் சேதமில்லாமல் இருந்தது. அதைப் பிரித்தெடுத்ததில் ஆல்பத்துக்குப் போதுமான அளவு படம் கிடைத்தது. இன்னொன்று கீழ்ப்பாதி சாம்பல். அதைப் பெயரோடு எழுதிக் கொடுத்தாயிற்று.

புதுப் பெட்டி வைக்கும் இடம்

மாடிப்படிக்கு அடியில் இல்லை. பேட்டரியிலிருந்து தள்ளி, நடு அறையில், சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில். காற்றுத் துளைகளுக்கு மெல்லிய வலை. இந்தப் பக்கம் பல்லி போர்டில் ஏறி ஷார்ட் ஆவது அபூர்வமில்லை. இன்வெர்ட்டர் லைனுக்குப் பிறகு 600 விஏ யுபிஎஸ் ஒன்று, யுஎஸ்பி கேபிளோடு, ஐந்து நிமிடம் கரண்ட் வராவிட்டால் பெட்டி தானாக அணையும்படி. ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் எம்ஓவி சின்னத் துள்ளலுக்குத்தான். நியூட்ரல் அறுந்து வோல்டேஜ் நிலையாக ஏறினால் அது எரிந்துபோகும். அதற்கு 270 வோல்ட்டுக்கு மேல் தானாக வெட்டும் ஹை-லோ கட்ஆஃப் தேவை, வீட்டின் மெயின் ஸ்விட்ச் போர்டில். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை கடந்த பிறகு வாரக்கணக்கில் ஜெனரேட்டரில் ஓட வேண்டியிருந்தது. அந்தக் கரண்டில் ஸ்டோரேஜ் பெட்டியை ஓட்டுவதைவிட அணைத்துப் போடுவதே மேல்.

பீப் சத்தம் திரும்ப இயக்கம். டிஸ்க் விலகினால் போனுக்குச் செய்தி வரும்படி அமைத்து, ஒரு டிஸ்க்கை உருவி, செய்தி உண்மையிலேயே வருகிறதா என்று பார்த்த பிறகே படங்களை ஏற்றினோம். மாதம் ஒருமுறை ஸ்க்ரப், அதாவது எல்லா டிஸ்க்கையும் முழுக்கப் படித்துப் பாரிட்டி ஒப்பிடுதல். நாலாவதின் 53 செக்டர் யாரும் படிக்காமலே மாதக்கணக்கில் கிடந்திருக்கலாம். ஸ்க்ரப் ஓடியிருந்தால், அப்போது இரண்டாவதும் அணியில் இருந்திருந்தால், சத்தமில்லாமல் சரியாகியிருக்கும்.

8 டிபி டிஸ்க் கும்பகோணத்தில் உறவினர் வீட்டுக்குப் போனது, எவர்சில்வர் சம்படத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு. நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். மூன்றாம் டிஸ்க் மட்டும் மேசையில் கிடக்கிறது. அதன்மேல் சிவப்பு மையில்: 12 வோல்ட் காப்பு இல்லை, பெட்டியில் போடாதே.